‘மெக்கானிக்கல் இன்ஜினியர் தேவை’: ஒரு வரி விளம்பரத்துக்குள் நான்கு வேலைகள்

கோவை கணபதியிலோ, குறிச்சி சிட்கோவிலோ, சென்னை அம்பத்தூரிலோ, ஓசூர் சிப்காட்டிலோ இருபது முப்பது பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்களிடம் கேட்டால், நல்ல மெக்கானிக்கல் இன்ஜினியர் கிடைப்பதே இல்லை என்பார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலை தேடுபவர்களிடம் கேட்டால், கோர் கம்பெனிகளில், அதாவது தாங்கள் படித்த துறையிலேயே இயங்கும் நிறுவனங்களில், வேலையே இல்லை என்பார்கள். இரண்டு பேச்சும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் காதில் விழுகின்றன, இரண்டும் பொய்யல்ல.

எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் நிறுவனங்கள் மெக்கானிக்கல் பட்டதாரிகளையும் இழுத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அதை ஒரு சிறு நிறுவன முதலாளியால் மாற்ற முடியாது. இன்னொரு காரணம் அவர் கையிலேயே இருக்கிறது. தனக்கு என்ன வேலை நடக்க வேண்டும் என்று எழுதாமல், என்ன படித்தவர் வேண்டும் என்று மட்டும் அவர் எழுதுகிறார். இக்கட்டுரை அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியது.

பட்டம் எதைச் சொல்கிறது

பி.இ. மெக்கானிக்கல் என்பது நான்காண்டுப் படிப்பு. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை, இயந்திரப் பாகங்களின் வடிவமைப்பு, உற்பத்தி முறைகள், உலோகவியல் ஆகிய அனைத்தையும் அது தொட்டுச் செல்கிறது. எதிலும் ஒருவரைக் கைதேர்ந்தவராக்கும் நோக்கம் அதற்கு இல்லை. ஆகவே ‘பி.இ. மெக்கானிக்கல்’ என்ற தகுதி, அவருக்கு இந்தத் துறைகளின் மொழி புரியும் என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது.

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவு கட்டாயம். ஒரு தொழிற்கூடத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியராக வேலை பார்க்க அப்படிப்பட்ட பொது உரிமம் எதுவும் இந்தியாவில் இல்லை. அதனால் தகுதியைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் வேலை கொடுப்பவர் தலையில் விழுகிறது. விதிவிலக்கான இடங்களும் உண்டு. கொதிகலனைப் பொறுப்பேற்று இயக்க அதற்கெனத் தனித் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் வேண்டும், பி.இ. பட்டம் மட்டும் அங்கே போதாது. சாயப்பட்டறையோ அரிசி ஆலையோ வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் ஆளெடுத்துவிட்டு, ஆய்வாளர் வரும் நாளில் விழிப்பதுண்டு.

பட்டத்துக்கு அருகில் இன்னும் இரண்டு படிகள் உள்ளன. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக்கில் படிப்பது டி.எம்.இ. எனப்படும் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற ஒரே தொழிலை ஊன்றிக் கற்பது ஐ.டி.ஐ. டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தவர்களும் கணிசமாக உண்டு. சிறு நிறுவனத்துக்கு இவர்கள் பெரும்பாலும் நல்ல பொருத்தம் என்பது என் கணிப்பு. பதினாறு வயதிலிருந்தே லேத்தும் ஃபைலும் அவர்களுக்குப் பழக்கம்.

ஒரே பெயரில் நான்கு வேலைகள்

தொழிற்கூடத்துக்குள் ‘மெக்கானிக்கல் இன்ஜினியர்’ என்று அழைக்கப்படுபவர் உண்மையில் கீழ்க்காணும் நால்வரில் ஒருவராக இருப்பார்.

1. டிசைன் இன்ஜினியர். புதிய பொருளை வரைபவர், அளவுகளையும், அவை எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற டாலரன்ஸையும் தீர்மானிப்பவர். ஆட்டோகேட், சாலிட்ஒர்க்ஸ், கிரியோ போன்ற மென்பொருள்கள் இவர் கருவிகள். வாடிக்கையாளர் தரும் டிராயிங்கின்படி ஜாப் ஒர்க் மட்டும் செய்யும் நிறுவனத்துக்கு இவர் தேவையே இல்லை. ஆனாலும் அப்படிப்பட்ட நிறுவனங்களின் விளம்பரங்களிலும் ‘சாலிட்ஒர்க்ஸ் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது.

2. புரொடக்‌ஷன் அல்லது பிராசஸ் இன்ஜினியர். அதே பொருளைக் குறைந்த நேரத்தில், குறைந்த கழிவில் எப்படிச் செய்வது என்று பார்ப்பவர். பொருளைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர், வெட்டும் டூல், கட்டிங் ஸ்பீடு, டூல் நகரும் வேகமான ஃபீடு, ஒரு பீஸுக்கு ஆகும் சைக்கிள் டைம் ஆகியவை இவர் உலகம்.

3. மெயின்டனன்ஸ் இன்ஜினியர். இயந்திரம் நிற்காமல் பார்த்துக்கொள்பவர். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்ஸும் காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேடிக்ஸும் இவருக்குத் தெரிய வேண்டும். மின்பகுதியிலும் கைவைக்கும் துணிவு வேண்டும், ஏனெனில் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு சிஎன்சி மெஷின் நின்றால் குற்றவாளி பால் ஸ்க்ரூ என்ற இயந்திரப் பாகமா, சர்வோ டிரைவ் என்ற மின்பாகமா என்று முதலில் பிரித்தறிய வேண்டியவர் இவரே.

4. குவாலிட்டி இன்ஜினியர். அளப்பவர், பதிவு செய்பவர், திரும்பி வந்த சரக்குக்குக் காரணம் எழுதுபவர். வாகன உதிரிபாகத் துறையில் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச் சான்றை எதிர்பார்க்கும் வாடிக்கையாளருக்குச் சப்ளை செய்பவர்களிடம் இந்த இருக்கை காலியாக இருக்க முடியாது.

நான்கையும் ஒருவரே செய்யட்டும் என்பதுதான் சிறு நிறுவனங்களின் இயல்பான ஆசை. பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவரிடம் அது ஓரளவு நடக்கும். நேற்றுப் படிப்பை முடித்து வந்தவரிடம் நடக்காது. நடைமுறையில் அவர் ஐந்தாவது வேலைக்குப் போய்விடுகிறார்: சரக்கு எப்போது வரும் என்று போனில் விசாரிப்பதும், டிசி எனப்படும் டெலிவரி சலான் போடுவதும், ஆள் வராத மெஷினில் நிற்பதும். எட்டு மாதத்தில் அவர் விலகும்போது, ‘இந்தக் காலத்துப் பசங்க நிலைப்பதில்லை’ என்ற தீர்ப்பு தயாராக இருக்கிறது.

ஒரு ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம்

எந்த வேலை நடக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க, கடந்த ஆறு மாதத்தில் பணம் எங்கே போனது என்று பார்த்தால் போதும். எடுத்துக்காட்டாக, பம்பு மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்டைச் செய்யும் ஒரு கோவை நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று சிஎன்சி லேத், ஒரு சிலிண்ட்ரிகல் கிரைண்டிங் மெஷின், இருபத்திரண்டு பேர். பேரிங் உட்காரும் இடம் லூசாக இருக்கிறது என்று சரக்கு அடிக்கடி திரும்பி வருகிறது. முதலாளி ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரை எடுத்தால் இது தீரும் என்று நினைக்கிறார்.

அந்த இடத்தில் உட்காருவது 6205 பேரிங். உள்விட்டம் 25 மி.மீ. டிராயிங்கில் ஷாஃப்டுக்கு ‘25 கே6’ என்று இருக்கிறது. அதன் பொருள், விட்டம் 25.002 மி.மீ. முதல் 25.015 மி.மீ. வரை இருக்கலாம் என்பது. அனுமதிக்கப்பட்ட அகலம் மொத்தமே 13 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்குப் பதின்மூன்று பங்கு. இதற்குக் கீழே போனால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டைப் பிடிக்காமல் அதன்மேல் வழுக்கிச் சுழலத் தொடங்கும். ஷாஃப்ட் தேயும், மோட்டார் சத்தம் போடும், சரக்கு திரும்பும்.

இப்போது கிரைண்டிங் ஆபரேட்டர் மேஜையைப் பாருங்கள். அங்கே இருப்பது 0.02 மி.மீ. வரை மட்டுமே படிக்கக்கூடிய வெர்னியர் என்றால், அதன் ஒரு கோடே 20 மைக்ரான். 13 மைக்ரான் இடைவெளியை அது காட்டவே காட்டாது. 0.01 மி.மீ. படிக்கும் சாதாரண மைக்ரோமீட்டரும் இதற்குப் போதுமானதல்ல. ஒரு மைக்ரான் படிக்கும் மைக்ரோமீட்டரோ, இந்த அளவுக்கென்றே செய்த ஸ்னாப் கேஜோ வேண்டும்.

அதையும் வாங்கிவிட்டார்கள். சாயங்காலம் சரியாக இருந்த ஷாஃப்ட் மறுநாள் காலை சின்னதாக இருக்கிறது. பேய் பிசாசு வேலை இல்லை இது. எஃகு ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து எடுத்த கையோடு ஷாஃப்ட் அளவுகருவியைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், 25 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட 6 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். அனுமதி அகலத்தில் ஏறக்குறைய பாதியை அந்தச் சூடே விழுங்கிவிடுகிறது. ஆறவைத்து அளக்க வேண்டும், அல்லது சூட்டைக் கணக்கில் கொண்டு கிரைண்டிங் அளவை மாற்றி வைக்க வேண்டும்.

இந்த நிறுவனத்துக்கு வேண்டியவர் யார்? டிசைன் தெரிந்தவர் அல்லர். குவாலிட்டியும் பிராசஸும் தெரிந்த ஒருவர். விளம்பரமும் அப்போது மாறும்: ‘கிரைண்டிங்கில் பேரிங் இருக்கை அளவுகளைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ரிஜெக்‌ஷனைக் குறைக்க ஆள் தேவை’. இதைப் படிக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் விண்ணப்பிக்க மாட்டார்கள். அதுதான் வேண்டும்.

இன்ஜினியர்தான் வேண்டுமா

பிரச்சினை எழுத்தில் வந்தபின், ஆளே தேவையில்லை என்று தெரிய வருவதும் உண்டு. முடிவெடுக்கும் வரிசை இப்படி அமையலாம்:

1. கருவி வாங்கினால் தீருமா? மேற்சொன்ன ஷாஃப்டில் பாதிக் குறை ஒரு ஸ்னாப் கேஜிலேயே தீர்ந்திருக்கும்.

2. இருக்கும் ஆளுக்குப் பயிற்சி கொடுத்தால் தீருமா? பன்னிரண்டு வருடமாக அந்த மெஷினில் நிற்கும் செட்டருக்கு, எதற்காக ஆறவைத்து அளக்க வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

3. ஒரு தடவை வேலையா, தினசரி வேலையா? ஒரு ஃபிக்ஸ்சர் வரைவது, ஒரு லேஅவுட் போடுவது போன்றவற்றை வெளியில் கொடுத்தே முடிக்கலாம். ஓய்வுபெற்ற அனுபவசாலிகள் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் நடைமுறையில் உள்ளதே.

4. தினசரி வேலைதான் என்றால் பட்டம் அவசியமா? அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் அண்ட் டை வேலைக்கு என்.டி.டி.எஃப்., சி.ஐ.டி.டி. போன்ற டூல்ரூம் பயிற்சி நிலையங்களில் தேறியவர், அந்தக் குறிப்பிட்ட வேலையில் சாதாரண பி.இ. பட்டதாரியைவிட முன்னே நிற்பார்.

இந்த நான்கையும் தாண்டியும் இடம் காலியாகவே இருந்தால், அப்போது இன்ஜினியர்.

புதியவரை எடுத்துப் பழக்குவது என்று முடிவானால் அப்ரென்டிஸ் வழி ஒன்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் ஓராண்டுக்குப் பழகுநராக எடுக்கலாம். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கின. 4 முதல் 29 பேர் உள்ளவர்களுக்கு விருப்பம். அந்த விதிகளில் பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9,000 என்றும், டிப்ளமோவுக்கு ரூ.8,000 என்றும் வைக்கப்பட்டு, தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் அதில் பாதியை மத்திய அரசு ஏற்றது. தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கொடுத்துவிட்டு ஒரு முழு இன்ஜினியரின் வேலையை எதிர்பார்ப்பது இந்த வழியின் தவறான பயன்பாடு. ஒருவரை ஓராண்டு அருகிலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு என்பதே சரியான பயன்.

நேர்காணல் மேஜையில் முடிவதில்லை

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு எல்லாரும் மனப்பாடமாகப் பதில் வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் சொந்த டிராயிங் ஒன்றையும், அதே பொருளின் ரிஜெக்ட் ஆன பீஸ் ஒன்றையும் கையில் கொடுத்து, இது ஏன் ரிஜெக்ட் என்று கேட்பது பத்து நிமிடத்தில் பாதியைச் சொல்லிவிடும். வாடிக்கையாளரின் பெயரை மறைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நால்வகை வேலையில் எதுவானாலும் கேட்கக்கூடிய சில சோதனைகள்:

1. மேஜைமேல் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்னாப் கேஜ் மூன்றையும் வைத்து, ‘25 கே6’ அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எதை எடுக்கிறார் என்பதிலேயே விடை இருக்கிறது. அளப்பதற்கு முன் ஷாஃப்டைத் துணியால் துடைத்து, மைக்ரோமீட்டரின் சைபர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர், யாரிடமோ நன்றாகத் தொழில் பழகியவர்.

2. டிராயிங் ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா என்று கேளுங்கள். பொருளின் பக்கத் தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதற்கான இரு முறைகள் இவை. இந்தியாவில் வழக்கம் முன்னது, அமெரிக்க வாடிக்கையாளர் அனுப்புவது பின்னது. இதைக் கவனிக்காமல் பிராக்கெட்டைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாற்றிச் செய்து, லாட்டையே ஸ்கிராப்பில் போட வேண்டியதாகிவிடும்.

3. பிராசஸ் வேலைக்கு வருபவரிடம் ஒரு கணக்கு. 50 மி.மீ. விட்டம், கட்டிங் ஸ்பீடு நிமிடத்துக்கு 200 மீட்டர், ஃபீடு ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ., கடைசல் நீளம் 100 மி.மீ.; எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் 1,273 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 255 மி.மீ. நகர்வு, ஏறத்தாழ 24 விநாடி. பதிலைவிட, அதற்குப் பிறகு ‘லோடிங் அன்லோடிங் எவ்வளவு நேரம் சார்?’ என்று கேட்கிறாரா என்பது முக்கியம். சைக்கிள் டைமில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

4. மெயின்டனன்ஸுக்கு வருபவரை உண்மையிலேயே நின்றுபோன மெஷின் முன்னால் நிறுத்துங்கள். உடனே ஸ்பானரை எடுப்பவரைவிட, ‘கடைசியாக என்ன அலாரம் வந்தது, அதற்கு முன்னால் யார் என்ன மாற்றினார்கள்’ என்று ஆபரேட்டரிடம் விசாரிப்பவர் மேல்.

அந்த விசாரிப்பில் இன்னொன்றும் தெரிந்துவிடும். ஐம்பது வயது ஆபரேட்டரை அவர் ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக் கேட்கிறாரா, பெயர் சொல்லி அதட்டுகிறாரா என்பது. இருபது வருட ஃபோர்மேன் ஒத்துழைக்காத இன்ஜினியரால் எந்தத் தொழிற்கூடத்திலும் ஒரு அளவைக்கூட மாற்ற முடியாது.

அனுபவச் சான்றிதழைப் பொறுத்தவரை, எத்தனை வருடம் என்பதைவிட எந்த மெஷின், என்ன மெட்டீரியல், என்ன டாலரன்ஸ் என்று கேட்பதே பயன் தரும். வார்ப்பிரும்பில் ஐந்து வருடம் இருந்தவருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடைசல் புதிது.

சம்பளத்தைச் சொல்லும் முறை

சிடிசி என்பது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கையில் கிடைப்பது வேறு. முப்பதாயிரம் என்று வாயால் சொல்லிவிட்டு, முதல் மாதம் பிடித்தம் போகக் கொடுக்கும்போதுதான் பல உறவுகள் முறிகின்றன. 20 பேர் உள்ள நிறுவனத்துக்கு வருங்கால வைப்புநிதி பொருந்தும்; இரு தரப்பும் தலா 12 விழுக்காடு. 2014 செப்டம்பரில் வைக்கப்பட்ட ரூ.15,000 வரம்பில் கணக்கிட்டால் நிறுவனத்தின் பங்கு ரூ.1,800. இ.எஸ்.ஐ.க்கு 2017 முதல் வைக்கப்பட்ட சம்பள வரம்பு ரூ.21,000, அதற்கு மேல் சம்பளம் பேசப்படும் இன்ஜினியருக்கு இ.எஸ்.ஐ. இல்லை என்பதால், மருத்துவக் காப்பீடு உண்டா என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இரண்டு விஷயங்களை மாற்றின. நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயமானது. அலவன்சுகள் என்று தனியே பிரித்துக் காட்டுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கொள்ளப்படும். பேசிக்கை மிகக் குறைவாகக் காட்டி வைப்புநிதியையும் பணிக்கொடையையும் சுருக்கும் பழைய பழக்கம் இதனால் அடிபடுகிறது.

பாண்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும்

பழக்கிவிட்ட ஆள் ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கிப் பூட்டிவைக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. வேறு போக்கில்லாதவர் மட்டுமே அதற்குச் சம்மதிப்பார். ஆக, நல்ல ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நகலை வைத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவதே முறை.

பாண்டு எனப்படும் குறைந்தபட்சப் பணிக்கால ஒப்பந்தம் வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் ரூ.2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதைச் சிறு நிறுவனங்கள் அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள முடியாது. ஒரு பொதுத்துறை வங்கி அகில இந்தியத் தேர்வு நடத்தி ஆளெடுப்பதற்கு ஆகும் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதப்பட்ட தொகையை உச்ச வரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டை மட்டுமே தருகிறது. பயிற்சிக்கு உண்மையில் செலவழித்த ரசீது இருந்தால் வாதம் நிற்கும். ‘விலகிய பிறகு இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்ற வரியோ, அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பெரும்பாலும் செல்லாது.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்

விளம்பரத்தில் எழுதிய அதே பிரச்சினையை, அதை மட்டும், முதல் மூன்று மாதத்துக்குக் கொடுக்க வேண்டும். சேரும் நாளில் ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்பதை எழுதி வைத்தால்தான் மூன்றாம் மாதம் பேச இருவருக்கும் ஏதாவது இருக்கும்.

அதைவிடக் கடினமானது அதிகாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வாசலில் நிற்கிறது. இருநூறு ஷாஃப்டில் பதினான்கு, கே6 அளவுக்குக் கீழே. இன்ஜினியர் நிறுத்தச் சொல்கிறார்; ஃபோர்மேன் ‘இதுக்கு முன்னாடி இதைவிட மோசமாவே போயிருக்கு’ என்கிறார்; வாடிக்கையாளர் போனில் அவசரப்படுத்துகிறார். அந்த நேரத்தில் யார் சொல் செல்லும் என்பதை, வண்டி வருவதற்கு மூன்று மாதம் முன்பே, எல்லார் முன்னிலையிலும் முதலாளி சொல்லியிருக்க வேண்டும். பதினான்கை மட்டும் பிரித்துவைத்து மீதியை அனுப்பும் அதிகாரமாவது அவருக்கு இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவர் கையில் இருக்கும் ஒரு மைக்ரான் மைக்ரோமீட்டர் வெறும் அலங்காரப் பொருள்.

கடைசியாக ஒரு சிறு ஏற்பாடு. அவர் வரையும் டிராயிங், திருத்தும் சிஎன்சி புரோகிராம், செய்யும் ஃபிக்ஸ்சரின் அளவுகள் ஆகியவை அவருடைய லேப்டாப்பிலோ வாட்ஸாப்பிலோ இருக்கக் கூடாது. திருத்த எண்ணும் தேதியும் போட்டு நிறுவனத்தின் கணினியில் ஒரே இடத்தில் சேர வேண்டும். மாதம் ஒருமுறை அதன் நகல் வேறொரு ஹார்ட் டிஸ்கில் ஏற வேண்டும். இதை முதல் வாரத்திலேயே வழக்கமாக்கிவிட்டால் யாருக்கும் உறுத்தாது. அவர் விலகல் கடிதம் கொடுத்த பிறகு கேட்டால், அது சந்தேகமாகவே தோன்றும்.